தசைக்குள் முளைக்கும் எலும்பு

எலும்பு ஒடிந்தால் மீண்டும் கூடிவிடும் என்பது நாம் எல்லோரும் அறிந்த செய்தி. மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்ட சிறுவனுக்கு மாவுக்கட்டுப் போட்டுச் சில வாரங்கள் அசையாமல் வைத்திருக்கிறார்கள். கட்டைப் பிரிக்கும்போது, ஒடிந்த இரு முனைகளுக்கும் நடுவே புதிய எலும்பு வளர்ந்து பாலம்போல் அமைந்திருக்கிறது. இந்தப் பாலத்தை டாக்டர் கட்டவில்லை. முனைகளை நேராக வைத்து, அவை அசையாமல் பார்த்துக்கொண்டது மட்டுமே அவர் செய்த வேலை. பாலத்தைக் கட்டியது உடல்.

தேவை ஏற்பட்டபோது எலும்பை உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் நம் உடலில் எப்போதும் இருக்கிறது என்பது இதிலிருந்து புலனாகிறது. இந்த இடத்தில் ஒரு கேள்வி எழுகிறது. அந்த ஆற்றல், தேவையில்லாத இடத்தில் விழித்துக்கொண்டால் என்ன ஆகும்? எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் எலும்பு உண்டாகாமல், மென்மையாக இருக்கவேண்டிய தசைக்குள் உண்டானால் என்ன ஆகும்?

இது வெறும் கற்பனை அன்று. உண்மையிலேயே இவ்வாறு நிகழ்கிறது. சிலரிடம் அடிபட்ட ஓர் இடத்தில் மட்டும் நிகழ்ந்து நின்றுவிடுகிறது. மிகச் சிலரிடமோ உடல் முழுவதும் பரவி, அவர்களை அசைய முடியாத சிலைபோல் ஆக்கிவிடுகிறது. இந்த விந்தையான நோய்களைப் பற்றியும், அவற்றின் காரணத்தை விஞ்ஞானிகள் கண்டறிந்த விதத்தைப் பற்றியும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

சுண்ணாம்பு வேறு, எலும்பு வேறு

முதலில் எலும்பு என்பது என்ன என்று தெரிந்துகொள்வோம். எலும்பு வெறும் சுண்ணாம்புக் கட்டி என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. கொலாஜன் என்னும் புரத இழைகளால் பின்னப்பட்ட சட்டத்தின்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பு படிந்து கெட்டிப்பட்டதே எலும்பு. கட்டடத்தில் கம்பியும் கான்கிரீட்டும் சேர்ந்திருப்பது போன்றது இது. இவற்றுடன் எலும்புக்குள் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. உள்ளே மஜ்ஜையும் இருக்கிறது. சில செல்கள் எலும்பைக் கட்டிக்கொண்டும், வேறு சில செல்கள் அதைக் கரைத்துக்கொண்டும் இருக்கின்றன. ஆகவே எலும்பு ஓர் உயிருள்ள உறுப்பு.

நம் கைகால்களின் எலும்புகள் தொடக்கத்தில் எலும்பாகத் தோன்றுவதில்லை. கருவில் முதலில் குருத்தெலும்பு உண்டாகிறது. உங்கள் காது மடலைத் தொட்டுப் பாருங்கள். வளையக்கூடிய அந்தப் பொருள்தான் குருத்தெலும்பு. இந்தக் குருத்தெலும்பு அச்சினுள் இரத்தக் குழாய்கள் புகுந்து, அதைச் சிறிது சிறிதாக உண்மையான எலும்பாக மாற்றுகின்றன. எலும்பு முறிந்து கூடும்போதும் ஏறத்தாழ இதே வரிசைதான்: முதலில் வீக்கம், பின்பு நார்த்திசு, பின்பு குருத்தெலும்பு, கடைசியாக எலும்பு. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

தசை வீங்கும் நோய்கள்

தசையில் ஏற்படும் அழற்சிக்கு மருத்துவர்கள் 'மயோசைட்டிஸ்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். இதில் பல வகைகள் உண்டு. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றல், தடம் மாறி நம் தசைகளையே தாக்குவதால் சில வகைகள் உண்டாகின்றன.

அவற்றுள் ஒன்று 'டெர்மட்டோ மயோசைட்டிஸ்'. இது தோலையும் தசையையும் சேர்த்துத் தாக்குகிறது. கண் இமைகளில் ஊதா நிறம் படர்கிறது. விரல் கணுக்களின்மேல் சிவந்த தடிப்புகள் தோன்றுகின்றன. தோளையும் இடுப்பையும் ஒட்டிய தசைகள் வலுவிழக்கின்றன. தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, படி ஏற முடியவில்லை என்று நோயாளி கூறுவார். நோய் எதிர்ப்பு ஆற்றலைத் தணிக்கும் ஸ்டீராய்டு முதலிய மருந்துகளால் இதைப் பெருமளவு கட்டுப்படுத்தலாம். 50 வயதைக் கடந்தவர்களிடம் காணப்படும் மற்றொரு வகை, விரல்களை மடக்கும் தசைகளையும் தொடையின் முன்புறத் தசைகளையும் மெல்ல மெல்ல நலியச் செய்கிறது. அது இத்தகைய மருந்துகளுக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை.

டெர்மட்டோ மயோசைட்டிஸ் குழந்தைகளுக்கு வரும்போது, சிலரிடம் தோலுக்கு அடியிலும் தசையிலும் கல்போன்ற கட்டிகள் தோன்றுகின்றன. பார்ப்பவர்கள் இதை எலும்பு என்றே நினைப்பார்கள். ஆனால் இது எலும்பு அன்று. நலிந்த திசுவில் கால்சிய உப்பு படிந்திருக்கிறது, அவ்வளவுதான். அதில் எலும்புச் செல்களும் இல்லை, மஜ்ஜையும் இல்லை. பாத்திரத்தின் அடியில் உப்புநீர் விட்டுச் செல்லும் வெண்படிவம் போன்றது அது.

இனி நாம் பார்க்கப்போகும் நோய்களில் நிகழ்வதோ முற்றிலும் வேறு. அங்கே தசைக்குள் செல்களும் மஜ்ஜையும் உள்ள உண்மையான எலும்பே உருவாகிறது.

அடிபட்ட இடத்தில் எலும்பு

இவற்றுள் அதிகமாகக் காணப்படுவது, அடிபட்டதால் உண்டாகும் வகை. இதற்கு 'மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ்' என்று பெயர். கால்பந்து ஆடும்போது எதிரியின் முழங்கால் தொடையில் பலமாக மோதுகிறது. தசைக்குள் இரத்தம் கட்டுகிறது. வழக்கமாக இந்தக் கட்டு சில நாள்களில் கரைந்துவிடும். சிலருக்கு மட்டும் அது கரையாமல் கெட்டிப்படுகிறது. சில வாரங்கள் கழித்து எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால், தசைக்குள் முட்டையோடுபோல் ஒரு வெண்ணிற வளையம் தெரிகிறது. ஓரத்தில் முதிர்ந்த எலும்பும், நடுவே இன்னும் முதிராத திசுவும் இருக்கும். எலும்பில் தோன்றும் புற்றுநோய்க் கட்டியிலிருந்து இதைப் பிரித்தறிய, ஓரத்திலிருந்து உள்நோக்கிய இந்த அமைப்பே டாக்டர்களுக்கு உதவுகிறது.

தொழிலுக்கு ஏற்ப இது தோன்றும் இடமும் மாறியிருக்கிறது. குதிரைப்படை வீரர்களுக்குச் சேணத்தில் உராய்ந்த உள்தொடைத் தசையில் எலும்பு உண்டானது. துப்பாக்கியைத் தோளில் இடித்து இடித்துப் பயிற்சி செய்த காலாட்படையினருக்குத் தோள் தசையில் உண்டானது. முதல் உலகப் போரில் முதுகுத்தண்டில் குண்டு பாய்ந்து கால்கள் செயலிழந்த பிரெஞ்சுப் போர்வீரர்களின் இடுப்பு, முழங்கால் மூட்டுகளைச் சுற்றி எலும்பு வளர்ந்திருப்பதை டெஜரீன்-கிளம்ப்கே அம்மையாரும் செயியே என்பவரும் 1918ஆம் ஆண்டில் விவரித்தார்கள். கடுமையான தீக்காயத்துக்குப் பின்னும், இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும்கூட இவ்வாறு எலும்பு வளர்வது உண்டு.

நம் நாட்டில் இது அடிக்கடி காணப்படும் இடம் முழங்கை. முழங்கை பிசகினாலோ, அதை ஒட்டிய எலும்பு முறிந்தாலோ, எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவிவிடுவதும், மடங்க மறுக்கும் கையைப் பிடித்து வலிக்க வலிக்க மடக்குவதும் பல ஊர்களில் இன்றும் வழக்கமாக இருக்கின்றன. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இந்தச் செயல், ஏற்கெனவே கிழிந்திருக்கும் தசையை மேலும் மேலும் காயப்படுத்துகிறது. ஒவ்வொரு காயமும் எலும்பு உண்டாக்கும் வேலையைத் தூண்டுகிறது. முடிவில் முழங்கையின் முன்பக்கத் தசையில் எலும்பு உருவாகி, கை நிரந்தரமாக மடங்காமல் போய்விடக்கூடும். அடிபட்ட முழங்கைக்குத் தேவை ஓய்வு. பின்னர், நோயாளி தானே வலியில்லாத அளவுக்கு மெல்ல அசைத்துப் பழக வேண்டும். உருவிவிடுவது மட்டும் கூடவே கூடாது. எலும்புமுறிவு மருத்துவம் படிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் சொல்லித்தரப்படும் பாடம் இது.

நல்ல வேளையாக, இந்த வகை ஓர் இடத்தோடு நின்றுவிடுகிறது. சில மாதங்களில் முதிர்ந்து, வளர்ச்சி நின்றுவிடும். சிலருக்குத் தானாகவே சுருங்குவதும் உண்டு. அசைவுக்குத் தடையாக இருந்தால், முழுவதும் முதிர்ந்த பிறகு அறுவைச் சிகிச்சை செய்து அகற்றிவிடலாம். முதிராத நிலையில் கத்தி வைத்தால் மீண்டும் வளரும்.

ஆனால் அகற்ற அகற்ற வளரும், ஓர் இடத்தோடு நிற்காத வகை ஒன்று இருக்கிறது. அதன் கதைதான் வியப்பும் வேதனையும் நிறைந்தது.

லண்டனுக்கு வந்த சிறுவன்

1736ஆம் ஆண்டு லண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவமனைக்குச் சுமார் 14 வயதுள்ள சிறுவன் ஒருவன் வந்தான். அவன் முதுகு முழுவதும் வீக்கங்கள். அவை மூன்று ஆண்டுகளாக வளர்ந்துகொண்டே இருந்தன. அவனைப் பார்த்த ஜான் ஃபிரீக் என்ற அறுவை மருத்துவர், கழுத்து முதல் இடுப்புக்குக் கீழ்வரை முதுகெலும்பின் எல்லாக் கணுக்களிலிருந்தும், எல்லா விலா எலும்புகளிலிருந்தும் புதிய எலும்புகள் கிளைத்து, பவழக் கொடிபோல் ஒன்றோடொன்று பின்னியிருப்பதாக ராயல் சொசைட்டிக்கு எழுதினார். எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு 150 ஆண்டுகளுக்கு மேல் முன்பே, கையால் தொட்டுப் பார்த்து மட்டும் அவர் எழுதிய விவரம் இது. அதற்கும் முந்திய நூற்றாண்டில், பாரிஸ் மருத்துவர் கி பத்தேன், மரம்போல் இறுகிப்போன ஒரு பெண்ணைப் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறார்.

1868இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபான் டூஷ் இதற்கு 'எலும்பாகிப் பரவும் தசை அழற்சி' என்ற பொருள்படும் பெயரை வைத்தார். தசை மட்டுமல்லாமல், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களும், எலும்பை எலும்போடு பிணைக்கும் பந்தகங்களும், பிற நார்த்திசுக்களும் எலும்பாகின்றன என்று பின்னர் தெரிந்தது. ஆகவே பெயர் மாற்றப்பட்டது. 'ஃபைப்ரோடிஸ்பிளேசியா ஆசிஃபிகன்ஸ் புரோகிரசைவா' என்பது இன்றைய பெயர். நீளமான பெயர் என்பதால் எஃப்.ஓ.பி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

இந்நோய் 10 லட்சம் முதல் 20 லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் காணப்படுவதாக மதிப்பிடுகிறார்கள். ஆண், பெண் என்ற வேறுபாடோ இன வேறுபாடோ இதற்கு இல்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7 கோடிக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், அபூர்வமான இந்த நோய்கூட நமக்கு மிகத் தொலைவில் இல்லை என்பது விளங்கும்.

நோய் முற்றும் விதம்

எஃப்.ஓ.பி. உள்ள குழந்தை பிறக்கும்போது பார்வைக்கு நலமாகவே இருக்கும். ஓர் அடையாளம் மட்டும் இருக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன். பெரும்பாலும் 10 வயதுக்குள், கழுத்திலோ முதுகிலோ திடீரென்று வீக்கம் ஒன்று தோன்றுகிறது. அது சூடாக, வலியோடு, கட்டிபோல் இருக்கும். சில வாரங்களில் வீக்கம் வடிகிறது. பெற்றோர் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் வீக்கம் இருந்த இடத்தில் எலும்பு உருவாகியிருக்கும்.

அடுத்த வீக்கம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சில வேளை காரணமின்றி வரும். பல வேளைகளில் ஏதேனும் தூண்டுதல் இருக்கும்: ஒரு சிறு விழுதல், தசையில் போட்ட ஊசி, அறுவைச் சிகிச்சை, ஃபுளூ போன்ற வைரஸ் காய்ச்சல். பல் டாக்டர் தாடையில் மரத்துப்போக ஊசி போடுவதும், வாயை அதிகமாகத் திறக்கச் செய்வதும்கூடப் போதும். தாடை மூட்டு இறுகி வாய் திறக்காமல் போய்விடலாம்.

எலும்பாகும் வரிசையிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் கழுத்து, முதுகு, தோள். பின்பு இடுப்பு, முழங்கால் என்று மேலிருந்து கீழாகவும், முதுகுப்புறத்திலிருந்து முன்புறமாகவும் பரவுகிறது. கருவில் எலும்புகள் உருவாகும் வரிசையை இது ஒத்திருக்கிறது. நாக்கு, கண்ணை அசைக்கும் தசைகள், மூச்சுவிட உதவும் உதரவிதானம், இதயத் தசை ஆகியவை மட்டும் தப்பிவிடுகின்றன. ஆகவே நோயாளியால் பேச முடியும், பார்க்க முடியும், சிந்திக்க முடியும். அறிவுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் 30 வயதுக்குள் பெரும்பாலோருக்குச் சக்கர நாற்காலி தேவைப்படுகிறது. மார்புக்கூடு இறுகி, மூச்சுக்காக விரிய முடியாமல் போவதே உயிருக்கு ஆபத்தாகிறது.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் மூட்டர் மியூசியம் என்ற மருத்துவக் காட்சிச்சாலை இருக்கிறது. அங்கே ஹாரி ஈஸ்ட்லாக் என்பவரின் எலும்புக்கூடு வைக்கப்பட்டிருக்கிறது. சாதாரண எலும்புக்கூட்டை நிறுத்த வேண்டுமானால், எலும்புகளைக் கம்பியால் ஒன்றோடொன்று கோத்தாக வேண்டும். தசையும் பந்தகமும் போய்விட்டால் அவை தனித்தனியே உதிர்ந்துவிடும். ஈஸ்ட்லாக்கின் எலும்புக்கூட்டுக்கு அத்தகைய கம்பிகள் அநேகமாகத் தேவைப்படவில்லை. எல்லாம் ஒரே எலும்பாக ஒட்டிப்போயிருந்தன. சிறு வயதில் அவருக்குக் கால் முறிந்தது. அது சரியாகக் கூடவில்லை. இடுப்பும் முழங்காலும் இறுகின. முளைத்த எலும்பை அகற்றச் செய்த அறுவைகள் மேலும் எலும்பையே வளர்த்தன. கடைசிக் காலத்தில் உதடுகளை மட்டுமே அவரால் அசைக்க முடிந்தது. 1973ஆம் ஆண்டு நவம்பரில், 40 வயது நிறையச் சில நாள்களே இருந்தபோது, நிமோனியாவால் இறந்தார். தம் உடலை ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவரது விருப்பம். தம்போன்ற நோயாளிகளுக்கு வழி பிறக்க வேண்டும் என்ற எண்ணமே அதற்குக் காரணம். இன்றும் இந்நோயைப் பற்றிப் படிக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு அந்த எலும்புக்கூடு ஒரு பாடநூலாக விளங்குகிறது.

எலும்பைக் கட்டச் சொல்லும் கட்டளை

இந்தப் புதிரை விடுவிக்கும் முதல் சாவி, இந்நோயோடு நேரடித் தொடர்பில்லாத ஓர் ஆராய்ச்சியிலிருந்து கிடைத்தது. 1965ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் மார்ஷல் யூரிஸ்ட் என்ற எலும்பு மருத்துவர் ஒரு சோதனை செய்தார். எலும்புத் துண்டுகளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, அவற்றிலிருந்த கால்சியம் முழுவதையும் நீக்கினார். எஞ்சிய புரதச் சக்கையை முயல், எலி ஆகியவற்றின் தசைக்குள் வைத்தார். உயிரற்ற அந்தச் சக்கை இருந்த இடத்தில், தசைக்குள் புத்தம்புதிய எலும்பு உருவாயிற்று!

கால்சியமே இல்லாத பொருள் எப்படி எலும்பை உண்டாக்கியது? அந்தச் சக்கையில், 'எலும்பைக் கட்டு' என்று செல்களுக்குக் கட்டளையிடும் ஏதோ ஒரு புரதம் இருக்கிறது என்று யூரிஸ்ட் முடிவு செய்தார். அதற்கு எலும்பு உருவாக்கும் புரதம் என்னும் பொருளில் பி.எம்.பி. என்று பெயர் வந்தது. பின்னர் இவ்வகைப் புரதங்கள் பல கண்டறியப்பட்டு, 1980களின் இறுதியில் அவற்றின் ஜீன்களும் பிரித்தெடுக்கப்பட்டன.

இந்தச் சோதனை சொல்லும் செய்தியைக் கவனியுங்கள். தசையில் எலும்பு உண்டாவதற்கு வெளியிலிருந்து எலும்புச் செல்கள் வரத் தேவையில்லை. தசைக்குள்ளேயே, கட்டளை கிடைத்தால் எலும்பாக மாறக்கூடிய செல்கள் காத்திருக்கின்றன. நம் தசைகள் தசைகளாகவே இருப்பதற்குக் காரணம், அந்தக் கட்டளை அவற்றுக்குச் செல்லாமல் தடுத்து வைக்கப்பட்டிருப்பதுதான்.

30 ஆண்டுகளில் ஓர் எழுத்து

எஃப்.ஓ.பி. நோயில் இந்தத் தடை எங்கோ உடைந்திருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிப்பது எளிதாக இல்லை. ஒரே குடும்பத்தில் பலருக்கு இருக்கும் நோயானால், அவர்களின் குரோமோசோம்களை ஒப்பிட்டு ஜீனைத் தேடலாம். எஃப்.ஓ.பி. நோயாளிகளில் பெரும்பாலோர் அவரவர் குடும்பத்தில் முதல் நோயாளி. பெற்றோருக்கு நோய் இருக்காது. அன்றியும் உலகெங்கும் சிதறிக் கிடந்த அவர்கள் ஒருவரையொருவர் அறியவும் இல்லை. இந்நோயோடு வாழ்ந்த ஜீனி பீப்பர் என்ற அமெரிக்கப் பெண்மணி, 1988ஆம் ஆண்டில் நோயாளிகளுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். நோயாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும் ஒன்றுசேர்ந்து நிதி திரட்டினார்கள்; ஆராய்ச்சிக்கு இரத்தம் கொடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாக நோய் தொடர்ந்த மிகச் சில குடும்பங்களும் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டன.

2006ஆம் ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எய்லீன் ஷோர், ஃபிரெடெரிக் கப்லான் ஆகியோரின் குழு விடையை வெளியிட்டது. ஈஸ்ட்லாக் இறந்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இரண்டாவது குரோமோசோமில் உள்ள ஏ.சி.வி.ஆர்.1 என்ற ஜீனில் குறை இருந்தது. பி.எம்.பி.யின் கட்டளையைச் செல்லுக்குள் வாங்கிக்கொள்ளும் ஏற்பிப் புரதத்தை உண்டாக்குவது இந்த ஜீன். 509 அமினோ அமிலங்கள் கோத்த மாலை அந்தப் புரதம். அதில் 206ஆவது இடத்தில் ஆர்ஜினின் இருக்க வேண்டும். பெரும்பாலான நோயாளிகளிடம் அங்கே ஹிஸ்டிடின் இருக்கிறது. நம் பரம்பரைச் செய்தி சுமார் 300 கோடி எழுத்துகளால் ஆனது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவு இது! வளர்ந்த மனிதனின் எலும்புகளும் 206, மாறியிருக்கும் இடமும் 206 என்பது தற்செயலான ஒற்றுமை.

குறையுள்ள ஜீன் ஒரு பிரதி இருந்தாலே நோய் வரும். ஆகவே நோயாளி ஒருவரின் குழந்தைக்கு இந்நோய் வரும் வாய்ப்பு சரிபாதி. ஆனால் பெரும்பாலான நோயாளிகளிடம் இந்த மாற்றம் புதிதாகத் தோன்றியதே. இதற்குப் பெற்றோர் செய்த எதுவும் காரணம் அன்று. தாய் உண்ட உணவோ, கிரகணமோ, முன்வினையோ இதை உண்டாக்கவில்லை.

தவறான சாவி

அடிபட்டால் மட்டும் நோய் ஏன் சீறி எழுகிறது? 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இரு குழுவினர் இதற்கு விளக்கம் கண்டனர்.

ஏற்பிப் புரதத்தை ஒரு பூட்டு என்று வைத்துக்கொள்வோம். பி.எம்.பி. அதன் சரியான சாவி. உடலில் ஆக்டிவின்-ஏ என்று மற்றொரு புரதம் இருக்கிறது. அழற்சி ஏற்படும் இடங்களில் அது மிகுதியாகச் சுரக்கும். சாதாரண மனிதரிடம் ஆக்டிவின் இந்தப் பூட்டுக்குள் நுழையும், ஆனால் திறக்காது. மற்றச் சாவி நுழையாமல் அடைத்துக்கொண்டிருக்கும். எஃப்.ஓ.பி. நோயாளியின் பூட்டு சற்றே உருமாறியிருப்பதால், அதே ஆக்டிவின் அதைத் திறந்துவிடுகிறது. தடுக்க வேண்டியதே தூண்டுகோலாகிவிடுகிறது.

இப்போது எல்லாம் தெளிவாகிறது அல்லவா? அடிபட்டால் அழற்சி. அழற்சி வந்தால் ஆக்டிவின். ஆக்டிவின் வந்தால், 'எலும்பைக் கட்டு' என்ற கட்டளை. பின்பு நாம் முதலில் பார்த்த அதே வரிசை: வீக்கம், நார்த்திசு, குருத்தெலும்பு, எலும்பு. உடல் காயத்தை ஆற்றவே முயல்கிறது. ஆனால் தசையால் ஆற்ற வேண்டியதை எலும்பால் ஆற்றுகிறது. முளைத்த எலும்பை வெட்டி எடுப்பதும் ஒரு காயமே. ஆகவேதான் வெட்ட வெட்ட வளர்கிறது.

கால் பெருவிரலைப் பாருங்கள்

பிறக்கும்போதே ஓர் அடையாளம் இருக்கும் என்றேன். அது கால் பெருவிரல். எஃப்.ஓ.பி. உள்ள ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் இரு கால்களிலும் பெருவிரல் குட்டையாக, மற்ற விரல்களை நோக்கி வளைந்திருக்கும். கருவில் விரல் எலும்புகள் உருவாகும்போதே அந்த ஜீன் தன் வேலையைக் காட்டிவிடுகிறது.

இந்த அடையாளத்தைக் கவனிக்காததால் நேர்ந்த கொடுமை சிறிதன்று. 2005ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில் 138 நோயாளிகளின் வரலாறுகள் ஆராயப்பட்டன. அவர்களில் 10இல் ஏறத்தாழ 9 பேருக்கு முதலில் தவறான நோய்ப் பெயரே கூறப்பட்டிருந்தது. பலரிடம் புற்றுநோய் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினருக்கு, வீக்கத்திலிருந்து சதையை எடுத்துப் பார்ப்பது போன்ற ஆபத்தான, தேவையற்ற சோதனைகள் நடந்தன. ஏறத்தாழ பாதிப் பேருக்கு, மருத்துவர்கள் செய்த இத்தகைய செயல்களாலேயே உடலின் ஏதோ ஓர் அசைவு நிரந்தரமாகப் போய்விட்டது. சோதனைக்காக வைத்த கத்தியே நோயை வளர்த்துவிட்டது! முதுகு வீங்கிய குழந்தையின் கால்களை ஒரு முறை பார்த்திருந்தால் பலரது துன்பத்தைத் தவிர்த்திருக்கலாம். இன்று, வீக்கத்தைத் தொடாமலே, சிறிது இரத்தத்தைக் கொண்டு ஜீன் சோதனை செய்து நோயை உறுதிப்படுத்த முடிகிறது.

வளைந்த பெருவிரல் உள்ள குழந்தைகள் எல்லோருக்கும் எஃப்.ஓ.பி. இருக்கும் என்று அஞ்ச வேண்டாம். வேறு காரணங்களாலும் விரல் வளைந்திருக்கலாம். ஆனால் இரு பெருவிரல்களும் பிறவியிலேயே குட்டையாக வளைந்திருந்து, அத்துடன் கழுத்திலோ முதுகிலோ தலையிலோ வீக்கங்களும் தோன்றினால், கத்தியோ ஊசியோ படுமுன் டாக்டரிடம் இந்நோயின் பெயரைச் சொல்லிக் கேட்பது நல்லது. நோய் உறுதியான குழந்தைகளுக்கு ஊசிகளைத் தசையில் போடாமல், வேறு முறையில், அறிந்த மருத்துவரின் மேற்பார்வையில் கொடுக்க வேண்டும். மற்றக் குழந்தைகளுக்குத் தசையில் போடும் தடுப்பூசியால் இத்தகைய ஆபத்து எதுவும் இல்லை. அதை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

மருந்து உண்டா?

நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. வீக்கம் தோன்றியவுடனே சில நாள்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்து அழற்சியைத் தணிக்கிறார்கள். விழாமல், அடிபடாமல் காப்பது அன்றாடச் சிகிச்சை.

ஜீன் தெரிந்ததால் புதிய வழிகள் திறந்தன. வைட்டமின்-ஏயின் உறவுப் பொருளான பாலோவரோட்டீன், குருத்தெலும்பு உருவாகும் படியிலேயே தடை போடுகிறது. குருத்தெலும்பு இல்லாவிட்டால் எலும்பும் இல்லை அல்லவா? இம்மருந்துக்குக் கனடா 2022இலும், அமெரிக்கா 2023இலும் அனுமதி அளித்தன. ஐரோப்பிய ஒன்றியம் மறுத்துவிட்டது. இது எலும்பு முளைப்பதைக் குறைக்கிறதே தவிர முற்றிலும் நிறுத்துவதில்லை. வளரும் குழந்தைகளின் இயல்பான எலும்பு வளர்ச்சியையும் இது தடுத்துவிடக்கூடும். ஆகவே பெண் குழந்தைகளுக்கு 8 வயதுக்கும், ஆண் குழந்தைகளுக்கு 10 வயதுக்கும் முன்பு கொடுக்க அமெரிக்காவில் அனுமதி இல்லை. கருவுற்ற பெண்களும் இதை உட்கொள்ளக் கூடாது. ஆக்டிவினையே பிடித்துக் கட்டிப்போடும் எதிர்ப்பொருளும், கெட்டுப்போன பூட்டை அடைக்கும் மாத்திரைகளும் நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளன.

இவ்வளவு அபூர்வமான நோய்க்கு இத்தனை ஆராய்ச்சி தேவையா என்று சிலர் கேட்கலாம். எலும்பு எப்படித் தோன்றுகிறது, எப்படி நிறுத்தப்படுகிறது என்பதை இந்நோய்போல் தெளிவாகக் காட்டும் வேறொன்று இல்லை. இதை நிறுத்தக் கற்றுக்கொண்டால், விபத்துக்குப் பின்னும் தீக்காயத்துக்குப் பின்னும் மூட்டுகள் இறுகிப்போகும் எத்தனையோ பேருக்கு உதவலாம். இதே கட்டளையை வேண்டிய இடத்தில் மட்டும் இடக் கற்றுக்கொண்டால், கூடாத எலும்பு முறிவுகளைக் கூட்டலாம். இப்புரதங்களில் சிலவற்றை அறுவை மருத்துவர்கள் ஏற்கெனவே அதற்குப் பயன்படுத்தி வருகிறார்கள்.

மருந்துகள் முழுமையாகக் கைக்கு வரும்வரை, அறிவே பாதுகாப்பு. அடிபட்ட முழங்கையை உருவாமல் விடுங்கள். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகும்போது முகத்தைப் பார்ப்பதோடு, கால் விரல்களையும் ஒரு முறை பாருங்கள். உங்களில் யாரேனும் நாளை மருத்துவராகவோ செவிலியராகவோ ஆகக்கூடும். காரணம் விளங்காத வீக்கத்தோடு ஒரு குழந்தை உங்களிடம் வரும்போது, கத்தியை எடுக்குமுன் அதன் காலணியைக் கழற்றிப் பார்க்க மறவாதீர்கள்.